பழைய மோட்டார் வண்டிக்குப் புதிய விளக்கு

மோட்டார் வண்டியை இரவில் செலுத்துவோர்க்கு விளக்கே கண். அக்கண்ணின் கூர்மையைப் பெருக்க விரும்புவது இயல்பே. அதிலும், பழைய வண்டிகளைப் பேணிக் காத்து இன்றும் சாலையில் ஓட்டிவரும் அன்பர்களுக்கு இந்த விருப்பம் மிகுதி. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மரபில் தோன்றி, வங்காளத்து உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு வரை உருவாகி வந்த அம்பாசடர் வண்டியும், அந்நாளைய பம்பாயின் குர்லாவில் பியட் என்ற பெயருடன் பிறந்து 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய வண்டியும் நம் நாட்டில் இன்னும் பலரிடம் உள்ளன. இவற்றின் முன்விளக்குகள் அக்காலத்துச் சாலைக்கும் அக்காலத்து வேகத்துக்கும் ஏற்றவையாக அமைந்தன. இன்றைய நான்கு வழிச் சாலையில் அவற்றின் ஒளி போதவில்லை என்று உணர்வோர் கடைக்குச் சென்று இரண்டு கூடுதல் விளக்குகளை வாங்கி வருகின்றனர். அவற்றை வண்டியில் எவ்வாறு இணைப்பது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

இது வெறும் அலங்காரத்தைப் பற்றிய பேச்சன்று. தவறாக இணைத்த விளக்கு வண்டியையே எரித்துவிடக்கூடும். தவறாகத் திருப்பி வைத்த விளக்கு எதிரில் வருவோன் கண்ணை மறைத்து உயிருக்கு உலை வைக்கக்கூடும். சரியாக அமைத்த விளக்கோ, விளக்கில்லாமல் செல்லும் மாட்டு வண்டியையும், சாலையோரம் நடக்கும் ஏழைத் தொழிலாளியையும் உரிய நேரத்தில் நமக்குக் காட்டி, அவர்களையும் நம்மையும் காக்கும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. இடையூறு ஒன்றைக் கண்டபின் நம் கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை விநாடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள்ளேயே வண்டி 33 மீட்டர் ஓடிவிடுகிறது. அதன்பின், பழைய வண்டியின் பிரேக்குகள் நல்ல நிலையில் இருந்தாலும், உலர்ந்த சாலையில் வண்டி நிற்பதற்கு மேலும் 45 முதல் 50 மீட்டர் வேண்டும். ஆக, ஏறக்குறைய 80 மீட்டருக்கு அப்பாலேயே அவ்விடையூறு நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மங்கிய முன்விளக்கின் தாழ்ந்த ஒளியில், கருநிறப் போர்வை போர்த்த ஒருவர் அவ்வளவு தொலைவில் தெரியமாட்டார். கூடுதல் விளக்கின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

கடையில் கிடைக்கும் கூடுதல் விளக்குகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. பனி விளக்கு என்பது ஒன்று. அது தாழ்வான இடத்தில் பொருத்தப்பட்டு, அகலமாகவும் மேல் விளிம்பு வெட்டியது போலவும் ஒளி வீசும், மார்கழி, தை மாதங்களில் வட இந்தியச் சமவெளியை மூடும் மூடுபனியில் சாலையின் ஓரக்கோட்டைக் காட்டுவதற்கு அது உதவும், தொலைவைக் காட்டாது. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவிச் செல்லும் என்று பலர் நம்புகின்றனர். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவையாதலால், எந்த நிறத்து ஒளியையும் அவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. பனியில் நமக்கு உதவுவது நிறமன்று. விளக்கு தாழ இருப்பதும், ஒளி மேலே எழாமல் இருப்பதுமே.

இரண்டாவது வகை, தேடுவிளக்குப் போலக் குறுகிய கற்றையாக நெடுந்தொலைவுக்கு ஒளி பாய்ச்சுவது. மூன்றாவது வகை, வண்டியின் உயர்ந்த ஒளிக்குத் துணையாக நின்று, சாலையின் முழு அகலத்தையும் முன்னேயுள்ள தொலைவையும் காட்டுவது. இதனைக் கடைக்காரர்கள் டிரைவிங் லைட் என்கின்றனர். நாம் துணை விளக்கு என்று அழைப்போம். இவ்வுரையில் நாம் விளக்கப்போவது இந்த மூன்றாம் வகையைப் பற்றியே.

ஆயினும், புதிய விளக்கை வாங்கும் முன், பழைய விளக்குகள் தம் கடமையைச் சரிவரச் செய்கின்றனவா என்று பார்ப்பது அறிவுடைமை. பல வண்டிகளில் விளக்கு மங்குவதற்குக் காரணம் விளக்கன்று. அதற்கு மின்சாரம் போதிய அழுத்தத்துடன் வந்து சேராமையே. மின்சாரத்தைக் குழாயில் ஓடும் தண்ணீருக்கு ஒப்பிடலாம். வோல்ட் என்பது அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் அளவு. குழாய் நீண்டதாகவும் குறுகியதாகவும், இடையிடையே துருவேறியதாகவும் இருந்தால், தொட்டி நிறைய நீர் இருந்தும் கடைசிக் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தானே விழும்? அதுபோலவே பாட்டரியில் புறப்படும் மின்சாரம் டேஷ்போர்டிலுள்ள சுவிட்சு, காலால் அழுத்தும் டிப் சுவிட்சு, நெடிய மெல்லிய கம்பிகள், பச்சைக் களிம்பேறிய முனைகள் ஆகியவற்றைக் கடந்து முன்விளக்கை அடைவதற்குள் ஒரு வோல்ட், சில வண்டிகளில் அதற்கும் மேலாக, இழந்துவிடுகிறது.

ஒரு வோல்ட்தானே என்று நாம் அசட்டையாக இருத்தல் கூடாது. இழை எரியும் விளக்கில் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைவதில்லை. ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடுகிறது. ஆகவே, வோல்ட் மீட்டர் ஒன்றை எடுத்து, எஞ்சின் ஓடி விளக்கெரியும்போது பாட்டரியின் முனைகளில் எவ்வளவு இருக்கிறது, விளக்கின் முனைகளில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு காணப்பட்டால், முனைகளைத் துலக்குவதும், விளக்கிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் இணைப்பைச் சீர்செய்வதும் முதல் வேலையாகும். விளக்கின் உட்புறத்துக் கண்ணாடிக்குவளை கருத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இவற்றைச் செய்தபின் கூடுதல் விளக்கே வேண்டாம் என்று மனநிறைவு கொள்வோரும் உண்டு. அவர்களுக்குப் பணமும் மிச்சம், கவலையும் மிச்சம்.

அதன் பின்னரும் துணை விளக்கு வேண்டுமென்று தோன்றினால், அடுத்து நாம் செய்ய வேண்டுவது வரவு செலவுக் கணக்கு. குடும்பத்துக்கு இருப்பது போலவே வண்டிக்கும் மின்சார வரவு செலவு உண்டு. பழைய வண்டிகளில் மின்சாரத்தை ஈட்டித் தருவது டைனமோ. லூகாஸ் முறையைச் சேர்ந்த டைனமோக்கள் நல்ல வேகத்தில் ஓடும்போது தரும் உச்ச வரவு வகைக்கேற்ப 19 முதல் 22 ஆம்பியர் வரை. எஞ்சின் மெல்ல ஓடுகையில், அதாவது போக்குவரத்து விளக்குக்காக நாம் காத்து நிற்கையில், அவற்றின் வரவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இனிச் செலவைப் பார்ப்போம். உயர்ந்த ஒளியில் 45 வாட் கொண்ட முன்விளக்குகள் இரண்டுக்கும் சேர்த்து 90 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏழரை ஆம்பியர். பின்விளக்கு, ஓர விளக்கு, எண் பலகை விளக்கு, டேஷ்போர்டு விளக்கு எல்லாம் சேர்த்து இரண்டரை ஆம்பியர். எஞ்சினில் பொறி உண்டாக்கும் காயிலுக்கு மூன்று முதல் நான்கு ஆம்பியர். ஆக 13 அல்லது 14 ஆம்பியர் முன்னரே செலவாகிறது. 22 ஆம்பியர் தரும் டைனமோவிலும் மிச்சம் எட்டு ஆம்பியர்தான். 55 வாட் துணை விளக்குகள் இரண்டை ஏற்றினால் அவற்றுக்கு மட்டும் ஒன்பது ஆம்பியருக்கு மேல் வேண்டும். மழை பெய்து வைப்பரும் ஓடினால் மேலும் இரண்டு மூன்று ஆம்பியர். துண்டு விழும் தொகையைப் பாட்டரிதான் தன் சேமிப்பிலிருந்து கொடுக்க வேண்டும். நான்கு ஆம்பியர் வீதம் மூன்று மணி நேரம் கொடுத்தால் 12 ஆம்பியர்-மணி. 50 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. மறுநாள் காலையில் வண்டி கிளம்ப மறுத்தால், குற்றம் பாட்டரியுடையது அன்று. வரவறியாமல் செலவிட்ட நம்முடையதே.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. துணை விளக்கை ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் மட்டும், அதுவும் சிறிது நேரமே எரிப்பது ஒன்று. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்துவது மற்றொன்று. பிற்காலத்து வண்டிகளில் அதுவே இருக்கும். மூன்றாவது, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும் எல்.இ.டி. விளக்குகளை வாங்குவது. 20 வாட் விளக்குகள் இரண்டுக்கு மூன்றரை ஆம்பியருக்கும் குறைவாகவே வேண்டும். பழைய டைனமோவும் அதைத் தாங்கும். ஆனால் எல்.இ.டி. விளக்கு வாங்குவோர், ஒளியின் மிகுதியை மட்டும் பார்க்காமல், ஒளி ஒழுங்கான கற்றையாக விழுகிறதா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நாற்புறமும் ஒளி சிதறும் மலிவு விளக்கு நமக்குச் சாலையைக் காட்டாது. பிறருக்குக் கண் கூசும்.

இனி இணைப்புக்கு வருவோம். துணை விளக்கின் கம்பியை ஏற்கெனவே உள்ள முன்விளக்குக் கம்பியோடு முறுக்கிச் சேர்த்துவிடுவது எளிய வழி என்று சில பட்டறைகளில் கூறுவர். அதைப்போன்ற தீங்கு வேறில்லை. முன்விளக்குக்கென அளவிட்டு அமைத்த மெல்லிய கம்பியும் சுவிட்சும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட மின்சாரத்தைச் சுமக்க நேர்கிறது. பழைய சுவிட்சின் முனைகளில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே பத்து ஆம்பியர் சென்றால், ஒரு வோல்ட் இழப்பு. பத்து வாட் வெப்பம். சின்னஞ்சிறு சுவிட்சுக்குள் பத்து வாட் வெப்பம் தொடர்ந்து உண்டானால், அது உருகுவதற்கு நெடுநேரம் ஆகாது. மேலும், பழைய பிரிட்டிஷ் முறையில் அமைந்த வண்டிகள் பலவற்றில் மொத்தமே இரண்டு பியூஸ்கள்தாம். முன்விளக்குக்குப் பியூஸே கிடையாது. அங்கே கம்பி சூடேறி உறை உருகினால், அதைத் தடுத்து நிறுத்துவது ஒன்றுமில்லை.

இந்தத் தொல்லையிலிருந்து நம்மைக் காப்பது ரிலே என்னும் சிறு கருவி. அதன் தத்துவம் எளிது. உள்ளே ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் ஏறக்குறைய 0.15 ஆம்பியர் அளவுக்கு மிகச் சிறிய மின்சாரம் பாய்ந்தாலே அது காந்தமாகி, தடித்த முனைகள் இரண்டை ஒன்றாக இழுத்துச் சேர்க்கிறது. அம்முனைகளின் வழியே விளக்குக்குரிய பெரிய மின்சாரம் செல்கிறது. மாளிகையின் எசமானர் மணியை மட்டும் அடிக்கிறார். கதவைத் திறந்து மூடுவது வாயிற்காவலன். அதுபோல டேஷ்போர்டு சுவிட்சு ஆணை மட்டும் இடும். சுமையைத் தாங்குவது ரிலே. பாட்டரியிலிருந்து ரிலேக்கும், ரிலேயிலிருந்து விளக்குக்கும் தடித்த கம்பி குறுகிய வழியில் செல்வதால் இழப்பும் குறைகிறது.

சாதாரண ரிலேயில் நான்கு முனைகள் இருக்கும்; அவற்றின்மேல் 30, 87, 85, 86 என்று எண்கள் பொறித்திருக்கும். 30 என்பது பாட்டரியிலிருந்து பெரிய மின்சாரம் வந்து சேரும் வாயில். 87 என்பது அது விளக்குகளுக்குப் புறப்படும் வாயில். 85, 86 இரண்டும் உள்ளிருக்கும் சுருளின் இரு முனைகள். இவ்வெண்களை நினைவில் கொண்டால் வேலையில் பாதி முடிந்தது.

வேலையைத் தொடங்கும் முன், பாட்டரியில் வண்டியின் உடலோடு இணைந்த முனையைக் கழற்றிவிட வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றினால், கையிலுள்ள ஸ்பானர் உடலில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். பிறகு, பாட்டரியிலிருந்து ரிலேயின் 30-ஆம் முனைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை இழுக்க வேண்டும். இக்கம்பி புறப்படும் இடத்திலேயே, பாட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள், பியூஸைப் பொருத்த வேண்டும். இது மிக இன்றியமையாதது. பியூஸ் காப்பது விளக்கை அன்று, கம்பியை. பியூஸுக்கும் பாட்டரிக்கும் இடையேயுள்ள கம்பிக்கு எவ்விதக் காவலும் இல்லை. ஆகவே அத்தொலைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. 55 வாட் விளக்குகள் இரண்டுக்கு 15 ஆம்பியர் பியூஸ் போதும். அது எரிந்துபோனால் அதைவிடப் பெரியதைப் போடுவதோ, வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைப்பதோ கூடாது. எரிந்ததன் காரணத்தைத் தேட வேண்டும். பழைய லூகாஸ் கண்ணாடிக் குழாய்ப் பியூஸில் 35 என்று எழுதியிருந்தால், அது எரிந்து அறும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் ஏறக்குறைய பாதியே. இன்றைய தட்டைப் பியூஸில் எழுதியிருப்பதோ தாங்கும் அளவு. இவ்வேறுபாட்டை மறந்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடுவோர் கம்பியின் காவலை நீக்கியவர் ஆகின்றனர்.

ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டிகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விளக்குக்குரிய மின்சாரத்தைப் பாட்டரியின் முனையிலிருந்தே நேராக எடுத்தால், டைனமோ அதற்காக அனுப்பும் மின்சாரம் மீட்டரைக் கடந்து பாட்டரியின் பக்கம் செல்லும். மீட்டரோ அதனைப் பாட்டரிக்குச் சேரும் வரவாகக் காட்டும். முள் வரவுப் பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று நாம் ஏமாறக்கூடாது.

ரிலேயின் 87-ஆம் முனையிலிருந்து இரண்டு விளக்குகளுக்கும் அதே தடிமனுள்ள கம்பி செல்ல வேண்டும். மூன்று மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் பத்து ஆம்பியர் சென்றால் இழப்பு ஏறக்குறைய 0.2 வோல்ட்தான். அதே நீளத்தில் 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் இழப்பு 0.7 வோல்ட். கம்பியில் மிச்சம் பிடித்த சில ரூபாய்கள் ஒளியில் நட்டமாகிவிடுகின்றன.

அடுத்தது ஆணைக் கம்பி. துணை விளக்கு, வண்டியின் உயர்ந்த ஒளி எரியும்போது மட்டுமே எரிய வேண்டும். நாம் டிப் செய்த அக்கணமே அதுவும் தானாக அணைந்துவிட வேண்டும். இதுவே இவ்வேலை முழுவதிலும் தலையாய விதி. ஆகையால் டேஷ்போர்டில் வைக்கும் புதிய சுவிட்சுக்கு மின்சாரத்தை உயர்ந்த ஒளிக்குரிய கம்பியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் வண்ண முறையைப் பின்பற்றிய வண்டிகளில் நீலத்தில் வெள்ளைக் கோடு உள்ள கம்பி உயர்ந்த ஒளிக்கும், நீலத்தில் சிவப்புக் கோடு உள்ள கம்பி தாழ்ந்த ஒளிக்கும் உரியவை. ஆனால் பல கைகள் பட்ட பழைய வண்டியில் நிறத்தை மட்டும் நம்பலாகாது. சோதனை விளக்கைத் தொட்டுப் பார்த்து, உயர்ந்த ஒளியில் எரிகிறது, தாழ்ந்த ஒளியில் அணைகிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அக்கம்பியிலிருந்து மூன்று ஆம்பியர் சிறு பியூஸ் ஒன்றின் வழியாகச் சுவிட்சுக்கும், சுவிட்சிலிருந்து ரிலேயின் 86-ஆம் முனைக்கும் கம்பி செல்லட்டும். 85-ஆம் முனையை வண்டியின் உடலோடு எர்த் செய்துவிட்டால் சுற்று நிறைவுறும். இவ்வழியில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரமாதலால் இங்கே மெல்லிய கம்பி போதும்.

விளக்குக்குச் சென்ற மின்சாரம் திரும்பி வரவேண்டிய வழியும் ஒன்று உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பழைய வண்டிகளில் வண்டியின் உடலே அத்திரும்பும் வழி. பம்பருக்கும் உடலுக்கும் இடையே பெயின்ட்டும் துருவும் ரப்பரும் நிற்கின்றன. பம்பரில் திருகிய போல்ட்டை எர்த் என்று நம்புவது வீண். விளக்கு ஒவ்வொன்றிலிருந்தும் தனிக் கம்பி எடுத்து, உடலில் ஓரிடத்தைப் பளபளப்பாகச் சுரண்டி, பல் உள்ள வாஷர் வைத்து இறுக்கி, மேலே சிறிது வாசலைன் தடவிவிட்டால் பல்லாண்டுகள் கெடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மோரிஸ் மரபில் வந்த தொடக்ககால வண்டிகளில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கத்துக்கு இது நேர்மாறு. இழை விளக்குக்கும் சாதாரண ரிலேக்கும் இதனால் கேடில்லை. ஆனால் எல்.இ.டி. விளக்கோ, உள்ளே டயோடு வைத்த ரிலேயோ முனை மாறி இணைக்கப்பட்டால் வேலை செய்யாது, கெட்டும் போகலாம். ஆதலால் எந்த முனை உடலோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே எல்.இ.டி. விளக்கை வாங்க வேண்டும். உலோகக் கூடே எதிர்முனையாக அமைந்த விளக்கு இவ்வகை வண்டிக்கு ஆகாது.

கம்பியை இழுத்துச் செல்லும் வழியிலும் கருத்து வேண்டும். உலோகத் தகட்டின் துளைக்குள் கம்பி நுழையும் இடந்தோறும் ரப்பர் வளையம் வைக்க வேண்டும். இல்லையேல் வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு கத்தி போல உறையை அறுத்துவிடும். புகைக்குழாயின் வெப்பமும், விசிறியின் இறக்கையும், ஸ்டியரிங்கின் அசையும் உறுப்புகளும் அணுகாதபடி கம்பியைப் பிணைத்துக் கட்ட வேண்டும். இணைப்புகளை வெறுமனே முறுக்கிப் பசைநாடா சுற்றுவது கூடாது. முனைகளுக்கு டெர்மினல் வைத்து அதற்குரிய குறட்டால் அழுத்திப் பொருத்துவதே முறை. ரிலேயை மழைநீர் தங்காத இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி திருக வேண்டும். விளக்குகள் ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றை மறைக்காத இடத்தில், அசையாத தாங்கியில் நிற்க வேண்டும். தாங்கி ஆடினால் ஒளியும் ஆடும். ஆடும் ஒளியில் சாலையைப் பார்ப்பது கண்ணுக்குப் பெருஞ்சோர்வு.

எல்லாம் முடிந்தபின் பாட்டரியை இணைத்து, முதலில் சோதனை. சுவிட்சைப் போட்டு உயர்ந்த ஒளிக்கு மாற்றினால் துணை விளக்கு எரிய வேண்டும். டிப் செய்தால் அணைய வேண்டும். முன்விளக்கே எரியாதபோது அது எரியக்கூடாது. கால் மணி நேரம் எரியவிட்டு, பியூஸ் தாங்கியையும் இணைப்புகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு தவறன்று, கையை வைக்கமுடியாத சூடு இருந்தால் அவ்விணைப்பு சரியில்லை என்று பொருள்.

பிறகு ஒளியைத் திருத்த வேண்டும். டயர்களில் காற்று சரியாக இருக்க, ஓட்டுபவர் அமர்ந்திருக்க, சமதரையில் சுவர் ஒன்றுக்குப் பத்து மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துவோம். தரையிலிருந்து துணை விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு இடுவோம். ஒளிக்கற்றையின் மிகப் பிரகாசமான பகுதி அக்கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே, நேர் முன்னோக்கி விழும்படி விளக்கைத் திருப்பி இறுக்கிவிட வேண்டும். பின் இருக்கையில் மூவரும் பெட்டியில் மூட்டைகளும் ஏறினால் வண்டியின் முன்பகுதி நிமிர்ந்து ஒளியும் மேலே எழும் என்பதை நெடும் பயணத்தின்போது நினைவில் கொள்ளல் நன்று.

இனிச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் வண்டியின் விளக்குகளை வரையறுத்துள்ளன. முன்னோக்கி ஒளி வீசும் விளக்கு, எட்டு மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் வைத்திருப்பவரைக் கூசச் செய்யாதபடி தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் அவ்வாறு தாழ்த்தக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. தேடுவிளக்குப் போன்ற ஸ்பாட் விளக்கைப் பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி வண்டியின் முன்புறம் பொருத்துவதற்கும் தடை உண்டு. ஆகவே விளக்கு வாங்கும் முன்பே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நம் வண்டிக்கு எவ்வகை விளக்கு, எத்தனை பொருத்தலாம் என்று கேட்டுக்கொள்வது பிற்காலத்துத் தொல்லையைத் தவிர்க்கும்.

சட்டத்துக்கும் மேற்பட்டது சாலை ஒழுக்கம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒருவரின் கண் நம் விளக்கால் மூன்று விநாடி மறைக்கப்பட்டால், அவர் 50 மீட்டர் தொலைவைக் குருடராகக் கடக்கிறார். அந்த ஐம்பது மீட்டருக்குள் சைக்கிளில் செல்லும் ஒரு மாணவன் இருக்கலாம். நம் வண்டியே இருக்கலாம். எதிரில் வண்டியின் ஒளி தோன்றிய உடனேயும், முன்னே செல்லும் வண்டியை நெருங்கும்போதும் டிப் செய்வது நம் பழக்கமாகிவிட வேண்டும். எதிரில் வருபவர் டிப் செய்யவில்லை என்பதற்காக நாமும் செய்யாதிருப்பது, ஒரு குருடருக்குப் பதில் இரு குருடர்களைச் சாலையில் விடுவதாகும். ஊர்த் தெருக்களில் துணை விளக்குக்கு இடமே இல்லை.

இன்னொன்றும் கூறி முடிப்போம். புதிய விளக்கு தொலைவைக் காட்டும். பிரேக்கின் வலிமையைக் கூட்டாது. ஒளி பெருகியதென்று வேகத்தையும் பெருக்கினால், பெற்ற லாபத்தை அப்போதே செலவழித்தவர் ஆவோம். கூடுதலாகத் தெரியும் ஒவ்வொரு மீட்டரையும் நிறுத்துவதற்குக் கிடைத்த சேமிப்பாகக் கருதி, பழைய வேகத்திலேயே செல்பவருக்குத்தான் இவ்விளக்குக்காகச் செலவிட்ட பணமும் உழைப்பும் முழுப் பயன் தரும்.